திரை போட்ட வெள்ளைக் கார்

இப்போது எல்லாருக்கும் பழைய கார் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்து வாசலில் அந்த உருண்டை மூஞ்சிக் காரை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒன்றுக்கும் ஆகாது என்று ஊரே அந்தக் காரைக் கேலி பேசிய நாட்களில் நான் அதைத் தள்ளியிருக்கிறேன். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மண்ணூர்த் தெருவில் மூச்சு வாங்கத் தள்ளியிருக்கிறேன். இவர்கள் ஒரு நாளாவது தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் சாய்ந்து நிற்கட்டும்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பன்னிரண்டாவது முடித்த கையோடு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். காருக்குள்ளே விளக்கு, ஹாரன், வைப்பர் என்று எல்லாவற்றுக்கும் போகிற ஒயர்களைக் கத்தையாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கிற கம்பெனி. சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். நான் சுற்றிய ஒயர் எத்தனையோ புதுக் கார்களுக்குள் போயிருக்கும். நான் மட்டும் அதுவரை எந்தக் காருக்குள்ளும் போனதில்லை.

வேலை என்றால் டிரெய்னி வேலை. ஒரு வருஷம் முடிந்ததும் மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார். சிலரைப் பெர்மனென்ட் ஆக்குவார். மற்றவர்களுக்கு ஒரு சர்டிபிகேட்டும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு முந்தின பேட்சில் பாதிக்கு மேல் ஸ்வீட் பாக்ஸ்தான். அந்தப் பெண்கள் அதைப் பிரிக்கக்கூட மனசில்லாமல் அப்படியே ஊருக்குக் கொண்டுபோனதை நாங்கள் பார்த்திருந்தோம்.

எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. ஊரில் அத்தை மகன் காத்துக்கொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், அவ்வளவுதான். அத்தை ஒரு வருஷம்தான் பொறுப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா விசைத்தறிக்குப் போகிறவர், அதிகம் பேச மாட்டார். பஸ் ஏற்றிவிடும்போது மட்டும் சொன்னார்: “பெர்மனென்ட் ஆயிட்டா அங்கனயே இரி. ஆகலன்னா மறுபேச்சுப் பேசாம வந்துரணும். என்னளா?” நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டவில்லை என்றால் பஸ்ஸே ஏற விட்டிருக்க மாட்டார்.

மண்ணூரில் ஒரு வீட்டின் பின்பக்கம் வரிசையாகக் கட்டியிருந்த ரூம்களில் ஒன்றில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச். அதில் மதுரைப் பக்கத்துக்காரி ஒருத்திக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. எழவு வீட்டிலும் சிரித்துவிடுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரரை வந்த அன்றைக்கு நான் “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கம் அது மரியாதை. மனுஷனுக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“அண்ணாச்சியா? நான் இன்னா மளிகக் கடயா வச்சிகினு கீறேன்? அண்ணான்னு கூப்புடும்மா!”

அன்றிலிருந்து அண்ணா ஆனார். நிலத்தில் ஒரு பாகத்தைக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் நெல்லும் இரண்டு மாடும் வைத்துக்கொண்டிருந்தார். அவரைப் போலவே நிலம் கொடுத்த மற்றவர்களெல்லாம் புதுசாகச் சின்னக் கார் வாங்கினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று தெருவில் சோப்பு டப்பா மாதிரி வரிசையாக நிற்கும். அண்ணா மட்டும் ஏதோ வேலையாகத் தாலுகா ஆபீஸ் பக்கம் போனவர், அங்கே ஏலத்துக்கு வந்த அரசாங்கக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை நிறம். யாரோ ஒரு அதிகாரி பல வருஷம் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கழித்துக் கட்டியது.

அதில் அதிகாரி மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் பச்சைத் திரை. சீட்டு மேல் வெள்ளைத் துண்டு. முன்னால் கொடி கட்டுகிற குச்சி. அண்ணா எதையும் எடுக்க விடவில்லை. துண்டை மட்டும் வாரம் ஒருமுறை அவரே சோப்புப் போட்டுத் துவைத்து விரிப்பார்.

அண்ணி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார். “அவனவன் பொண்டாட்டிய புதுக் கார்ல வச்சி கோயிலுக்கு இட்டுகினு போறான். இந்த ஆளு எவனோ ஓட்டிக் கழிச்சிப்போட்டத காசு குட்த்து தூக்கினு வந்துக்கீது” என்று எங்களிடம் புலம்புவார். ஏற மாட்டாரே தவிர, அதன் கூரை மேல் வெள்ளைத் துணி விரித்து வடகம் காயப் போடுவார். வெயில் நன்றாக விழுகிற இடமாம். பானெட்டில் மிளகாய். கேட்டால், “வேற இன்னாத்துக்கு ஆவுது அது?” என்பார்.

அண்ணா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு நாள் எங்களிடம் சொன்னார்: “நான் சின்னப் பையனா இருக்கசொல்லோ, இந்த மாதிரி காரு ஊருக்குள்ள வந்துச்சின்னா எங்கப்பா, சித்தப்பா, அல்லாரும் எய்ந்து நிப்பாங்கோ. துண்ட எட்த்து கக்கத்துல வச்சிப்பாங்கோ. உள்ள யாரு கீறான்னுகூட தெரியாதும்மா. காருக்கே மரியாதை. இப்போ அது என் வூட்டு வாசல்ல நிக்குது. சொம்மாவா?” சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் ஏனோ சந்தோஷமாக இருந்தது.

காரோட்டும்போது மட்டும் லுங்கியை அவிழ்த்துவிட்டு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொள்வார். யாரும் போடச் சொல்லவில்லை, அவராக வைத்துக்கொண்ட பழக்கம். நாற்று நட்ட சேறு காலில் காயாமல் இருக்கும், மேலே மட்டும் சலவைச் சட்டை.

அந்தக் காருக்கு இல்லாத நோய் இல்லை. பின்கதவுகளை உள்ளே இருந்து திறக்க முடியாது, வெளியே இருந்துதான் திறக்க வேண்டும். முன்னால் இடதுபக்கக் கதவைத் திறக்கவே முடியாது, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்தச் சீட்டில் எப்போதும் ஒரு தவிட்டு மூட்டை உட்கார்ந்திருக்கும். காலையில் தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பிய பிறகு நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரெல்லாம் குடல் சரிந்த மாதிரி தொங்கும். நாள் முழுக்க ஒயரை ஒழுங்காகச் சுற்றிக் கட்டிவிட்டு வருகிற எனக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கும்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஏறி உட்கார்ந்தால் அது தனி சுகம். சோபா மாதிரி சீட்டு, தலை இடிக்காத கூரை, காலை நீட்டிக்கொள்ளலாம். பெட்ரோலும் தவிடும் பழைய ரெக்ஸினும் கலந்த ஒரு வாசனை. முதல் நாள் குமட்டியது, அப்புறம் பழகி, பிறகு பிடித்தே போய்விட்டது. பள்ளத்தில் இறங்கினால் அலுங்காமல் இறங்கி ஏறும். அதுவும் போக, அதில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். பக்கத்து வீட்டுப் புதுக் காரில் சீட்டு மேலிருந்த பாலிதீன் கவரை இரண்டு வருஷமாகியும் பிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கள் காரில் புண்ணாக்கு வரும், வைக்கோல் வரும், ஒரு தடவை ஆடு வந்தது. பகலெல்லாம் கேலி பேசுகிற தெருக்காரர்கள், வீட்டில் பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தால் முதலில் அண்ணா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். புதுக் காரில் கறை பட்டுவிடுமாம். அண்ணா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கள் வருஷம் முடிந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்: டிரெய்னிங் முடித்தவர்கள் நாளைக் காலை ஒன்பது மணிக்கு எச்.ஆர். ரூமுக்கு வர வேண்டும், வராதவர்களுக்கு வேலையில் விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அன்று இரவு எங்கள் ரூமில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிரிப்புக்காரிகூட சிரிக்கவில்லை.

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். வழக்கமாக எங்களுக்கு விடிகாலை ஷிப்ட், அந்த ஷிப்டுக்கான கம்பெனி பஸ் கூட்டுரோட்டில் நின்று ஏற்றிக்கொள்ளும். ஒன்பது மணிக்குத்தானே என்று நாங்கள் நிதானமாகக் குளித்து, தலை வாரி, திருநீறு பூசிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றோம். அடுத்தது எங்கள் பஸ் இல்லை, ஆபீஸ் ஸ்டாஃப் ஏறுகிற ஏ.சி. பஸ். அது எங்களுக்காக நிற்காது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தூரத்தில் வருவதைப் பார்த்ததும் நாலு பேரும் கையை ஆட்டினோம். டிரைவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவரும் கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

டவுன் பஸ்ஸை நம்பி ஒரகடம் போனால் மத்தியானம்தான் போய்ச் சேரலாம். டீக்கடை பெஞ்சும் அத்தை மகனும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். “ஏளா, ஓடுங்களா!” என்று கத்திக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினேன். மற்ற மூணு பேரும் பின்னால் ஓடி வந்தார்கள்.

அண்ணா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“இன்னாத்துக்கு இப்போ அய்வுற? கார் கீதில்ல? ஏறுங்கோ!” என்றார். மாட்டை அப்படியே விட்டுவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே ஓடினார்.

கார் கூரை முழுக்க அன்றைக்கென்று வடகம். இரண்டு பேர் துணியோடு தூக்கினோம். பாதி உள்ளே விழுந்தது, பாதி தெருவில் சிதறியது. அண்ணி ஓடி வந்து, “அடிப்பாவிங்களா, என் வடகம்!” என்று தலையில் கை வைத்தார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் பின்னால் வந்து தள்ள ஆரம்பித்தார். புதுக் கார்க்காரர் ஒருவர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். நாலாவது வீடு தாண்டும்போது கார் இருமியது, கறுப்பாகப் புகையைக் கக்கியது, கிளம்பிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறினோம். நாலு பேரும் பின்சீட்டில், தவிட்டு மூட்டை முன்சீட்டில்.

“திரய இய்த்து வுடுங்கோ. நாலு பொண்ணுங்கள இட்டுகினு எங்க போறான்னு வழில ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லினு கெடக்க முடியாது” என்றார் அண்ணா. இழுத்துவிட்டோம். உள்ளே பச்சை வெளிச்சம். தெருப் புழுதி முன்கண்ணாடியில் ஏறி அதுவும் பாதி மறைந்திருந்தது. நான் கதவோரம் உட்கார்ந்து, பறக்கிற திரையை வளையல் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள். எப்போதும் அந்த ரோட்டில் லாரிக்காரர்கள் யாருக்கும் வழி விட மாட்டார்கள். அன்றைக்கு என்னவோ ஒவ்வொரு லாரியாக ஓரம் ஒதுங்கியது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். அண்ணாவும் சளைக்காமல் திருப்பி ஒன்று வைத்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணா ஊரெல்லாம் தெரிந்த மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கம்பெனி கேட் வந்தது. வழக்கமாக எங்களைப் பையைக் கொட்டச் சொல்லிச் சோதனை போடுகிற செக்யூரிட்டி, காரைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். விசில் ஊதினார். பெரிய கேட் இரண்டு பக்கமும் திறந்தது. அது திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. வாக்கிடாக்கியில் அவர் பதறுவது திரைக்கு வெளியே கேட்டது: “சார், கவர்மென்ட் வண்டி சார்! ஆமா சார், திரை போட்டிருக்கு! இன்ஸ்பெக்‌ஷன்தான் சார்!”

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்புக்காரிக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் அவள் துப்பட்டாவையே சுருட்டி அவள் வாயில் திணித்தேன். “சிரிச்ச, கொன்னேபோடுவேன்” என்று காதில் சொன்னேன். இறங்கிவிடலாம் என்றால் கதவு உள்ளேயிருந்து திறக்காதே! அண்ணாவோ எஞ்சின் நின்றுவிடக் கூடாதென்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை.

கார் ஆபீஸ் போர்ட்டிகோவில் போய் நின்றது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒருத்தர் பாதையில் கிடந்த அட்டைப்பெட்டிகளை வாரிக்கொண்டு ஓடுகிறார். ஒருத்தர் எல்லாருக்கும் ஹெல்மெட் எறிகிறார். பெண்கள் பாத்ரூம் பக்கம் ஒருத்தர் புது சோப்புக் கட்டிகளை அள்ளிக்கொண்டு போகிறார். வருஷம் முழுக்க அந்த சோப்பைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்திருக்கிறது! இருந்த பயத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

மேனேஜர் படியிறங்கி ஓடி வந்தார். எங்களை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருந்த அதே மேனேஜர். கையில் ஒரு பூங்கொத்து, பின்னால் இரண்டு சூப்பர்வைசர்கள். நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். திரையைப் பிடித்திருந்த என் விரலும் வளையலும் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“குட்மார்னிங் மேடம். ஒரு போன் பண்ணியிருந்தா கேட்லயே வந்து நின்னிருப்போம் மேடம்” என்றார் திரையைப் பார்த்து.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து சத்தம் வராததும் மேடம் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டார் போல. குரல் இன்னும் இறங்கியது.

“டிரெய்னிங் பொண்ணுங்க விஷயமாத்தான மேடம் வந்திருக்கீங்க? போன தடவ உங்க லேபர் ஆபீஸ் சார் வந்தப்பவே கண்டிச்சுட்டுப் போனாரு, ஞாபகம் இருக்கு மேடம். இந்த வாட்டி யாரையும் நிறுத்தல. வருஷம் முடிச்ச அத்தன பேரையும் பெர்மனென்ட் பண்றோம். இன்னிக்கே ஆர்டர். எல்லாம் ரெடியா இருக்கு மேடம்.” பின்னால் திரும்பி சூப்பர்வைசர்களைப் பார்த்து, “ரெடிதான?” என்றார். அவர்கள் இருவரும் ஒரே குரலில், “ரெடி சார்” என்றார்கள்.

அத்தனை பேருமா? காதில் விழுந்தது நிஜம்தானா? மற்ற இருவரும் என் இன்னொரு கையைச் சேர்த்துப் பிடித்து நசுக்கினார்கள். சிரிப்புக்காரி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றுபோனது. அண்ணா தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டோடு சுற்றி வந்து, எப்போதும் போலப் பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவருக்கு அது வழக்கம். பார்த்தவர்களுக்கு அது கவர்மென்ட் டிரைவர்.

நான் இறங்கினேன். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் டிரெய்னி என்று எழுதிய கார்டு, கையில் டிபன் பாக்ஸ், தோளில் ஒட்டியிருந்த ஒரு வடகம். மேனேஜர் நீட்டிய பூங்கொத்து நீட்டியபடியே இருந்தது. நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, பதற்றத்தில் வாங்கிக்கொண்டேன். “தேங்க்யூ சார்” என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சிரிப்புக்காரி இறங்கியதும் வாயிலிருந்து துப்பட்டா விழுந்தது. அவ்வளவுதான், போர்ட்டிகோவே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

மேனேஜர் பேயறைந்த மாதிரி நின்றார். அண்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூங்கொத்தைப் பார்த்து மனசு குளிர்ந்துபோய்ப் பேசினார்: “பரவால்ல சார், பொண்ணுங்கள நல்லா மரியாதையா வச்சிக்கிறீங்கோ. பஸ்ஸு நிக்கல சார். அதான் நானே கொண்ணாந்து வுட்டேன். லேட்டுன்னு போட்டுடாதீங்கோ, நல்ல பொண்ணுங்கோ.” செக்யூரிட்டி அப்போதும் சல்யூட்டை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மேனேஜர் பக்கத்தில் அதே இரண்டு சூப்பர்வைசர்கள். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

“உன்னை எதுக்கும்மா இங்க வச்சிக்கணும்?” என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் குரலில் ஸ்வீட் பாக்ஸ் தெரிந்தது.

நான் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்த பதில் ஒன்று இருந்தது. ஒழுங்கு, உழைப்பு என்று ஏதோ வரும். அது ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“வாசல்ல சொன்னீங்களே சார்” என்றேன்.

“அது வேற ஆளுன்னு நெனச்சுச் சொன்னது.”

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம். “யாருன்னு நெனச்சுச் சொன்னா என்ன சார்? சொன்னது எங்களப் பத்தித்தான?” என்றேன். அழுகை வந்து தொலைத்தது, துடைத்துக்கொண்டேன். “அவங்ககிட்ட அவ்வளவு பணிவாச் சொன்னீங்க. அந்த வேலையச் செய்யறவ நான். எங்கிட்டச் சொல்லக் கூடாதா சார்?”

ஒரு சூப்பர்வைசர் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். இன்னொருவர், வயசில் பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், ரெடின்னு நாங்களும் சொல்லிட்டோம்” என்றார்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே அண்ணாவின் கார் கிளம்பாமல் நின்றது. மூன்று செக்யூரிட்டிகள் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணா உள்ளே உட்கார்ந்துகொண்டு, “இன்னும் கொஞ்சம்! வுடாத, வுடாத!” என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் மூவரும் பயந்தே போனோம்.

சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போம்மா. போய் லைன்ல நில்லு” என்றார். “சாயங்காலம் டைப் பண்ணித் தரச் சொல்றேன்.”

ரெடியாக இருந்த ஆர்டரைச் சாயங்காலம்தான் டைப் அடித்தார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் அடித்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். என் கையில் அதை வாங்கியபோது மரத்துப்போன விரல் நுனிகளால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கூட்டுரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் போன் இல்லை, எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பாவை வரச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அப்பா வந்து மூச்சு வாங்க “ம்” என்றார்.

“பெர்மனென்ட் ஆயிட்டுப்பா” என்றேன்.

“யாரு சொன்னா?” என்றார்.

“மேனேஜரே சொன்னாருப்பா. நான் கார்ல போய் இறங்குறதுக்கு முன்னயே, கதவுகிட்ட வந்து குனிஞ்சு நின்னு சொன்னாரு. பூவெல்லாம் குடுத்தாரு.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பா ரிசீவரைக் கையால் பொத்தினார், ஆனால் சரியாகப் பொத்தவில்லை. கூடவே ஓடி வந்திருந்த அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “ஏட்டி, நம்ம பிள்ளைக்கு கார்க் கதவுகிட்ட வந்து நின்னுல்லா வேல குடுத்திருக்காவ.” அந்தக் குரலில் அப்பா என்னைப் பற்றிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. பூத்துக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி போனுக்கு வந்தார்.

“சரி. நீ அங்கனயே இரி,” என்றார். “அத்தகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”